செத்த வீட்டிலிருந்து ஒரு பொங்கல் வாழ்த்து

அக்கா,

நேற்றுப் பொங்கல். வாசலில் பால் பொங்கி வழிந்ததும் அரிசியைப் போட்டுவிட்டு, புகை பட்ட கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கதிரையில் கிடந்த என் கைத்தொலைபேசி சிணுங்கியது. எடுத்துப் பார்த்தேன். நீங்கள்.

மஞ்சள் சேலை, தலையில் கனகாம்பரம், இரண்டு கைகளிலும் பொங்கல் பானை. பல் தெரியச் சிரிக்கிறீர்கள். படத்துக்குக் கீழே, "அன்பு மக்களே! உங்கள் அக்காவின் இனிய பொங்கல் வாழ்த்துகள்! நானே என் கையால் சமைத்த விருந்துக்கு இன்றே ஓர்டர் பண்ணுங்க!" என்று எழுதியிருந்தது. பக்கத்தில் வரிசையாகச் சிவப்பு இதயங்கள்.

நீங்கள் இறந்தது கார்த்திகையில். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. உங்கள் வீட்டில் இந்த வருடம் பொங்கல் இல்லை. ஆண்டுத் திவசம் முடியும்வரை சித்திரை வருடப்பிறப்பும் இல்லை, தீபாவளியும் இல்லை. திருகோணமலையில் இது யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டிய விடயமல்ல. தெரியாதவர் ஒருவர் இருக்கிறார். அவர் கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு உங்கள் முகத்தை வைத்துத் தொழில் செய்கிறார்.

கோபத்தில் எழுதிய கடிதத்தை ஒரு நாள் வைத்திருந்து, ஆறிய பிறகு மறுபடி படித்துவிட்டு அனுப்புவது என் வழக்கம். இது அனுப்ப முடியாத கடிதம். ஆற விட வேண்டிய அவசியமும் இல்லை.

நான் உங்களை அக்கா என்றேன், நீங்கள் என்னை மிஸ் என்றீர்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பிக்காத என்னை ஏன் அப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "நீங்கள் ஆக்களைப் பாக்கிற விதம் அப்பிடி. கணக்குப் பிழைச்ச பிள்ளையைப் பாக்கிற மாதிரித்தான் எல்லாரையும் பாக்கிறியள்" என்றீர்கள். அதன் பிறகு நான் கேட்கவில்லை. எனக்கும் அந்தப் பெயர் பிடித்துப்போயிருந்தது.

ஓர்ஸ் ஹில்லில் எங்கள் அலுவலகத்துக்கு உங்கள் சாப்பாட்டுப் பார்சல் வரத் தொடங்கிய காலத்தில் உங்களிடம் விளம்பரம் என்று எதுவும் இருக்கவில்லை. உள்துறைமுகப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு வீடு, பின்னால் சமைக்க ஒரு குசினி, நீங்களும் தங்கையும். அவ்வளவுதான். பெயர்ப்பலகைகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு நாள் காலையும் மீன் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், ஓட்டோவுக்குள் இருந்தபடி வட்ஸ்அப் குழுவில் உங்கள் குரல் வரும். எழுத உங்களுக்குப் பொறுமை இல்லை. பின்னால் ஓட்டோ இரைச்சல், காகங்களின் சத்தம், அதற்கு நடுவில் நீங்கள்.

"இண்டைக்குப் பாரை வந்திருக்கு, ஆனா எனக்குப் பிடிக்கேல்லை, கண் வெளிறிப்போச்சு. நான் வாங்கேல்லை. கணவாய் மட்டும்தான். கணவாய் ஒத்துக்கொள்ளாதவை இண்டைக்கு வேற எங்கையாவது சாப்பிடுங்கோ, நான் கோவிக்க மாட்டன்."

நான் பல்கலைக்கழகத்தில் வணிக முகாமைத்துவம் படித்தவள். வாங்க வருகிறவரிடம் வேறு கடைக்குப் போங்கள் என்று சொல்லும் வியாபாரியைப் பற்றி எங்களுக்கு யாரும் படிப்பிக்கவில்லை. ஆனால் எங்கள் அலுவலகத்தில் கணவாய் ஒத்துக்கொள்ளாதவர்கள்கூட அடுத்த நாள் உங்களிடம்தான் வந்தார்கள். கண் வெளிறிய பாரையை உங்களுக்குத் தரமாட்டேன் என்று சொன்ன ஒருவரை விட்டுவிட்டு எங்கே போவது? ஒருநாள் உப்புக் கூடிவிட்டது. நாங்கள் யாரும் முறையிட முன்னரே உங்கள் குரல் வந்துவிட்டது. "ஓம், இண்டைக்கு உப்புக் கூடத்தான். என்ர பிழை. ரெண்டு தரம் போட்டிட்டன். நாளைக்கு எல்லாருக்கும் ஒரு முட்டைப் பொரியல் கூட வைக்கிறன்." முட்டைப் பொரியல் வந்தது. அதற்குப் பிறகு சில நாட்கள், உப்புச் சரியாக இருந்தபோதும், எங்கள் ஆட்கள் குழுவில் "உப்புக் கூட" என்று எழுதி உங்களைச் சீண்டினார்கள்.

உங்கள் தங்கையின் குரலை அந்தக் குழுவில் யாரும் கேட்டதில்லை. சண்டையால் உங்கள் ஊரான சம்பூரை விட்டு எல்லோரும் ஓடிய வருடத்தில் உங்களிடம் வந்து சேர்ந்தவள். பிறகு ஊர் திரும்பலாம் என்று அறிவித்தபோதும் அவள் திரும்பவில்லை. சமையலில் பாதிக்கு மேல் அவள் கைதான் என்று நீங்களே சொல்வீர்கள். பார்சல் எடுக்க வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அவள் ஓம், இல்லை என்பதற்கு மேல் எதுவும் சொல்லமாட்டாள். அதையும் பாதி நாள் தலையாட்டித்தான் சொல்வாள். "அவள் கதைக்க வேண்டியதெல்லாத்தையும் கறிக்குள்ள போட்டிடுறாள்" என்று நீங்கள் பகிடி விடுவீர்கள். அவள் சிரிக்காமல் அடுப்பை ஊதுவாள்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த தொழிலுக்குள் அந்தப் பயிற்சிப் பட்டறை வந்தது.

சுயதொழில் செய்யும் பெண்களுக்கு டிஜிட்டல் மார்க்கட்டிங். ஏதோ ஒரு திட்டத்தின் பணத்தில், கடற்கரையில் ஒரு ஹொட்டேல் மண்டபத்தில். தனியாகப் போகக் கூச்சம் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். முன்னால் நின்ற தம்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது. வெள்ளைச் சப்பாத்து, காதோடு ஒட்டிய மைக். தயிர் விற்கிறவர், தையல் கடைக்காரி, மூதூரிலிருந்து வந்த பாய் பின்னும் பெண்கள் எல்லோரையும் பார்த்து, "உங்க பொருளை விக்காதீங்க, உங்க ஸ்டோரியை வில்லுங்க" என்றார். பிறகு ஒவ்வொருவரையும் எழுப்பி, எத்தனை பேர் உங்களைப் பின்தொடர்கிறார்கள் என்று கேட்டார்.

உங்கள் முறை வந்தது. "என்னைப் பின்தொடர்ந்து வாறது பூனையள்தான் தம்பி, மீன் மணத்துக்கு" என்றீர்கள். மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் தேநீர் இடைவேளையில் நேரே உங்களிடம்தான் வந்தார். உங்களைப் போல முகம் உள்ள ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருந்தாராம். பேஜ் தொடங்குவது, படம் எடுப்பது, எழுதுவது, பதில் சொல்வது எல்லாவற்றையும் கொழும்பிலுள்ள தன் நிறுவனம் பார்த்துக்கொள்ளும், நீங்கள் சமைத்தால் மட்டும் போதும் என்றார்.

மேடையிலிருந்து இறங்கி நேரே வந்து "நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை" என்று சொல்கிறவரை நான் நம்புவதில்லை. திரும்பும் வழியிலேயே சொன்னேன். பேஜ் தொடங்குவதானால் உங்கள் பெயரில், உங்கள் தொலைபேசியில், நாங்களே தொடங்கலாம், கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்காதீர்கள் என்றேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். அடுத்த கிழமை போய்ப் பார்த்தபோது, அவர் புதிதாகத் திறந்த ஒரு மின்னஞ்சலில், அவரே வைத்த கடவுச்சொல்லில் பேஜ் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் வீட்டுக் கதவின் திறப்பைப் பால்காரனிடம் கொடுத்து வைப்பீர்களா என்று கேட்டேன். "பால்காரன் நல்லவன்தானே" என்றீர்கள்.

ஆவணியில் ஒருநாள் அவர் கமராவோடு வந்தார். எனக்கு விடுமுறை, நானும் அங்கே இருந்தேன். குசினிக்குள் வெளிச்சம் போதாது என்று முற்றத்தில் மேசையைப் போடச் சொன்னார். உங்கள் மீன் குழம்பின் நிறம் கமராவில் எடுபடவில்லையாம். பையிலிருந்து கொத்தமல்லித் தழை எடுத்துத் தூவினார். "தம்பி, அதைப் போட்டா என்ர கறி எனக்கே தெரியாமல் போயிடும்" என்றீர்கள். அவர் தழையை எடுக்கவில்லை. தங்கையையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார். அவள் கிணற்றடிக்குப் போய், அவர் போகும்வரை அங்கேயே நின்றாள்.

பிறகு சேலை மாற்றம். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு மஞ்சள், சித்திரைக்குச் சிவப்பு, இடையில் சாதாரண நாட்களுக்கு வேறு சில. மாதக்கணக்குக்கான படங்களை அன்று ஒரே நாளில் எடுத்தார். "தினமும் போஸ்ட் போனாத்தான் அக்கா ரீச் வரும். எல்லாத்தையும் முன்கூட்டியே ஏத்தி வச்சிட்டா சிஸ்டம் தன்பாட்டில போட்டுக்கொண்டே இருக்கும்" என்றார். பொழுதுபட அவர் போன பிறகு நீங்கள் படியில் இருந்து பிளேன்டீ குடித்தீர்கள். நெற்றியில் வியர்வையில் பொட்டுக் கரைந்திருந்தது.

"ஒரே நாளில தீபாவளி, பொங்கல், வருசம் எல்லாத்தையும் முடிச்சிட்டன் மிஸ். இனி எனக்கு ஒரு வேலையும் இல்லை" என்றீர்கள். அன்று இருவரும் சிரித்தோம்.

அதன் பிறகு நடந்ததை நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன், நீங்கள் ஒவ்வொன்றாகத் தட்டிக்கழித்தீர்கள். பேஜில் குசினி கிச்சன் ஆனது. சம்பூர்ப் பெண் "வாங்க மக்களே" என்று அழைக்கத் தொடங்கினாள். எங்கள் ஊரில் யார் யாரை அப்படி அழைக்கிறார்கள்? நீங்கள் வாழ்க்கையில் சமைத்திராத சிங்கிறால் ஒன்று, யாரோ எங்கோ எடுத்த படம், உங்கள் பெயரில் வந்தது. விருப்பக்குறிகள் குவிந்தன. உண்மைதான். டொரொன்டோவிலிருந்து, துபாயிலிருந்து, சென்னையிலிருந்து. அவர்களில் யார் மத்தியானம் ஓர்ஸ் ஹில்லில் பார்சல் பிரிக்கப் போகிறார்கள் என்று கேட்டேன். ஒரு நாள் பருப்புப் பழுதாகிவிட்டது என்று எங்கள் அலுவலக மேல்மாடிக்காரர் ஒருவர் பேஜில் எழுதினார். முன்பென்றால் அவருக்கு முட்டைப் பொரியல் கிடைத்திருக்கும். இப்போது அவர் எழுதியதைக் காணவில்லை. யாரோ மறைத்துவிட்டார்கள். அவர் அதோடு உங்களிடம் வாங்குவதை நிறுத்தினார். பருப்புக்காக நிறுத்தவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, காலைக் குரலை நிறுத்தியது. இனிப் பேஜில்தான் ஓர்டர் என்று குழுவுக்குச் சொல்லச் சொன்னார், நீங்களும் சொன்னீர்கள். உங்களுக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த ஒரே நல்ல வழியை அடைத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு இயந்திரத்தை வைத்தார்கள். காலையில் என்ன மீன் என்று கேட்டால், "உங்கள் அன்புக்கு நன்றி! ஓர்டரை இன்பொக்ஸில் அனுப்புங்க!" என்று அது பதில் சொன்னது.

அன்று நாங்கள் கொஞ்சம் கடுமையாகவே கதைத்தோம். நீங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தீர்கள். இந்த ஆளுக்கு ஏன் இவ்வளவு இடம் கொடுக்கிறீர்கள், இருக்கிற வாடிக்கையாளர் போதாதா என்று கேட்டேன். நீங்கள் கத்தியை வைத்துவிட்டு, குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த தங்கையை ஒருமுறை பார்த்தீர்கள். குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள்.

"நான் இருக்கேக்குள்ள நான் கதைப்பன். நான் இல்லாட்டி இந்தக் கடைக்கு ஆர் கதைக்கிறது? இவளுக்கு ஏலாது. அந்தப் பேஜ் கதைக்கும் மிஸ்."

எனக்கு எரிச்சல் வந்தது. திடகாத்திரமான மனுஷி ஏன் இப்படிக் கதைக்கிறாள் என்று நினைத்தேன். அந்தியேட்டிக்குப் பிறகு நான் கேட்டபோதுதான் உங்கள் தங்கை எனக்குச் சொன்னாள். ஆடியிலேயே டொக்டர் உங்கள் நெஞ்சைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். எனக்குச் சொல்ல வேண்டாம் என்று நீங்கள் அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறீர்கள். "மிஸ் உடனே கணக்குப் பாக்கத் தொடங்கிடுவா எண்டு சொன்னவ" என்றாள். நீங்கள் போய்விட்டீர்கள் என்பதற்காக இதை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மன்னிக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு பகல், அடுப்படியிலேயே விழுந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முன்னரே எல்லாம் முடிந்துவிட்டது. வாடைக்காற்றும் மழையும். துறைமுகத்தில் வள்ளங்கள் கரையேறிக் கிடந்தன. செத்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அயலார் கொண்டுவந்த தேநீரைத்தான் எல்லோரும் குடித்தோம். நான் உங்கள் தலைமாட்டில் நின்றபோது என் கைப்பைக்குள் தொலைபேசி சிணுங்கியது. அப்போது எடுத்துப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தேன். "இன்றைய ஸ்பெஷல், அக்காவின் அறக்குளாப் பொரியல்!"

வாடையில், ஒரு வள்ளமும் கடலுக்குப் போகாத நாளில், அறக்குளா. உயிரோடு இருக்கும்போது கண் வெளிறிய பாரையைக்கூட விற்காத உங்களை, செத்த அன்று இல்லாத மீனை விற்க வைத்தார்கள்.

எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சடங்கு அன்று உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் தங்கை தன் கையால் சமைத்து வாழையிலையில் படைத்தாள். நண்டுக் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல், உங்களுக்குப் பிடித்த புளித்தோசை. நீங்கள் வந்து சாப்பிடவென்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். அந்த நேரம் பார்த்து அங்கு நின்றவர்களின் தொலைபேசிகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சிணுங்கின. நீங்கள் நண்டை உயர்த்திப் பிடித்துச் சிரிக்கிறீர்கள். "என் கையால் உங்களுக்காக!" ஒருவரும் மற்றவரின் முகத்தைப் பார்க்கவில்லை. உங்கள் தங்கை மட்டும் பக்கத்தில் நின்றவரின் தொலைபேசியை எட்டிப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பேஜில் யாரோ ஆத்மா சாந்தியடையட்டும் என்று எழுதியிருந்தார்கள். அதன் கீழே இயந்திரம் பதில் சொல்லியிருந்தது. "உங்கள் அன்புக்கு நன்றி! ஓர்டரை இன்பொக்ஸில் அனுப்புங்க!"

இந்த ஊரில் சாவுத் துடக்குள்ள வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவே யோசிப்பார்கள். அந்த வீட்டிலிருந்து முப்பத்தொரு நாளும் நண்டும் கணவாயும் விலைபேசப்பட்டன. படம் பார்த்தவர்களுக்கு சிஸ்டம், ஷெடியூல் என்றெல்லாம் என்ன தெரியும்? அவர்கள் கண்டது ஒன்றுதான். அக்காவின் சாம்பல் ஆறும் முன்னரே தங்கச்சி அக்காவின் படத்தைப் போட்டு வியாபாரம் செய்கிறாள். "செத்த வீட்டிலும் யாவாரமோ" என்று ஒருவர் எழுதினார். அது உடனே மறைக்கப்பட்டது. மறைத்ததால் அது ஓயவில்லை. சந்தையில், பஸ்ஸில், எங்கள் அலுவலகப் படியில் அதே கேள்வி வாய்விட்டுக் கேட்கப்பட்டது.

கிண்ணியாவிலிருந்து வரும் எங்கள் அலுவலகப் பெரிய லிகிதரை உங்களுக்குத் தெரியும். உங்கள் மீனுக்காகவே வீட்டுச் சாப்பாட்டை மறுத்தவர். ஒரு நாள் தொலைபேசியை என் மேசையில் வைத்தார்.

"என்ன மிஸ் இது? மௌத்தான மனிசிட போட்டோவப் போட்டு யாவாரம் செய்றானுகள். எங்கட ஊருல ஒரு வீட்டுல மௌத்தெண்டா சத்தமாக் கதைக்கவும் மாட்டம். அந்தத் தங்கச்சிக்கு ஆருமில்லையா இதக் கேக்க?"

கேட்க நான் இருந்தேன். அந்தத் தம்பியைத் தொலைபேசியில் பிடிக்க முயன்ற நாட்களைச் சொல்லி உங்களைச் சலிப்பூட்டப் போவதில்லை. கடைசியில் கிடைத்தார். போஸ்டுகளை நிறுத்துங்கள் என்றேன்.

"நிப்பாட்டலாம் மிஸ். ஆனா க்ளையன்ட்தான் கேக்கணும். அவங்கட ஈமெயில்ல இருந்து ஒரு ரிக்குவெஸ்ட் வந்தாச் சரி."

"தம்பி, அவ செத்துப்போனா."

"சொறி மிஸ். ஆழ்ந்த அனுதாபங்கள்." பிறகு மிகவும் தன்மையாகக் கேட்டார், "அப்ப அவங்கட ஈமெயில் பாஸ்வேர்ட் உங்ககிட்ட இருக்கா?"

"அது உங்களிட்டத்தான் இருக்கு. அந்த ஈமெயிலைத் திறந்ததே நீங்கள்தான்."

"ஓ. அது வேற டிபார்ட்மென்ட் மிஸ்."

நான் குரலை உயர்த்துகிறவள் இல்லை. அன்று உயர்த்தினேன். மேல்மாடிக்குக் கேட்டிருக்கும். இறப்புச் சான்றிதழ் அனுப்பினேன், தங்கையிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன், பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். பார்க்கிறோம் என்று பதில் வந்தது. அதற்கு மறுநாள் நீங்கள் இறால் வறுத்தீர்கள்.

அந்தியேட்டி முடிந்து, வீடு கழுவி, உங்கள் தங்கை வியாபாரத்துக்கு அடுப்பை மூட்டினாள். முதல் நாள் நானும் லிகிதரும் பார்சல் எடுத்தோம். இன்னும் இரண்டொருவர் எடுத்தார்கள். அதற்கு மேல் ஒருவருமில்லை. இரண்டாம் கிழமை சட்டியை மாற்றிச் சின்னச் சட்டி வைத்தாள். மூன்றாம் கிழமை, சம்பூரில் கச்சான் கடலைத் தோட்டத்தில் கூலிக்கு ஆள் கேட்கிறார்களாம் மிஸ் என்றாள். அவள் என்னிடம் தானாகப் பேச்செடுத்தது அதுதான் முதல் தடவை. உங்கள் தொழில் அவளுக்காகத்தான் என்றீர்கள். அந்தத் தொழிலை உங்கள் முகத்தை வைத்தே அவளிடமிருந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

நேற்று, அந்த மஞ்சள் சேலை வாழ்த்தைப் பார்த்தவுடன், பொங்கலை இறக்கி வைத்துவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஒழுங்கை முழுக்கக் கோலமும் வெடிச் சத்தமும். உங்கள் வாசல் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. தங்கை குசினியில் வெறும் நிலத்தில் இருந்தாள். உங்கள் தொலைபேசி அவள் மடியில் கிடந்தது. ஒழுங்கை முனையில் உள்ளவர்கள் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், பொங்கலும் பொங்கியாச்சோ என்று.

நான் என் கோபத்தை எல்லாம் அங்கே கொட்டினேன். வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம், எல்லோருக்கும் விளக்கம் எழுதலாம், நான் எழுதித் தருகிறேன், நீ குழுவில் போடு என்றேன். கடதாசியும் எடுத்துவிட்டேன். அவள் நான் எழுதுவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது உங்கட கதை மாதிரி இருக்கும் மிஸ்" என்றாள். "இப்பவும் வேற ஆரோதான் கதைக்கினம் எண்டு நினைப்பினம்."

பிறகு உங்கள் தொலைபேசியை எடுத்து, நீங்கள் கடைசியாகப் பேசிவிட்டு மூடிய அந்தப் பழைய குழுவைத் திறந்தாள். ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்தினாள். விட்டாள். மறுபடி அழுத்தினாள். இந்த முறை விடவில்லை.

"நான் அக்கான்ர தங்கச்சி. அக்கா கார்த்திகையில மோசம் போயிட்டா. அந்தப் படங்களை நாங்கள் போடேல்லை, எங்களுக்கு அதை நிப்பாட்டவும் தெரியேல்லை. துடக்குக்குள்ள நாங்கள் ஒரு நாளும் சமைச்சு விக்கேல்லை. எங்கட வீட்டில இந்த வருசம் பொங்கலும் இல்லை. அந்தியேட்டிக்குப் பிறகுதான் கடைக்கு அடுப்பு மூட்டினனான். சமைக்கிறது நான். அக்கா மாதிரி எனக்குக் கதைக்கத் தெரியாது. நாளைக்கு விடிய மீனைப் பாத்திட்டுச் சொல்லுறன்."

பொத்தானை விட்டதும் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எழும்பிப் போய் எனக்குத் தேநீர் போட்டாள். நான் எழுதிக்கொண்டிருந்த கடதாசியைக் கிழித்துப் பைக்குள் வைத்தேன்.

இன்று காலை, அலுவலகப் படி ஏறும்போது குரல் வந்தது. பின்னால் அதே ஓட்டோ இரைச்சல், அதே காகங்கள். குரல் உங்களுடையது இல்லை. உங்களைப் போலப் பேச அவள் முயலவும் இல்லை. "இண்டைக்குச் சூடை மீன் மட்டும்தான். முள்ளு கூட. பிள்ளையளுக்குக் குடுக்கிறவை பாத்துக் குடுங்கோ." அவ்வளவுதான். லிகிதர் மேசையில் இருந்தபடியே தனக்கும் பக்கத்து அறைக்கும் சேர்த்து ஓர்டர் சொன்னார். சற்று நேரத்தில் மேல்மாடிக்காரர் என் மேசைக்கு வந்தார். பருப்புக்கு ஒரு பதிலும் கிடைக்காத அதே மனிதர். "அந்தப் பிள்ளையிட்ட எனக்கும் ஒண்டு சொல்லுங்கோ மிஸ்" என்றார். நீங்களே குழுவில் சொல்லுங்கள், அவள் கேட்பாள் என்றேன். பெரிய சட்டிக்கு இது போதாது. ஆனால் அந்தச் சின்னச் சட்டி போதாமல் போயிருக்கும்.

பேஜ் இன்னும் ஓடுகிறது. சித்திரைக்கு உங்கள் சிவப்புச் சேலை அதற்குள் காத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த கிழமை நான் கொழும்புக்குப் போகிறேன். இறப்புச் சான்றிதழின் இன்னொரு பிரதியோடு அந்தத் தம்பிக்கு எதிரே ஒரு கதிரையைப் போட்டு இருக்கப்போகிறேன். உங்களை அந்தப் படங்களிலிருந்து இறக்கும்வரை எழும்ப மாட்டேன். கணக்குப் பிழைத்த பிள்ளையைப் பார்ப்பது போல அவரைப் பார்ப்பேன். எனக்கு அது கைவந்தது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.

உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தக் கோபமும், தொலைபேசியில் அழிக்காமல் வைத்திருக்கும் உங்கள் காலைக் குரல்களும்தான். அவற்றைப் போட்டுக் கேட்பதில்லை. எந்த நாளில் எந்த மீனை வாங்க வேண்டாம் என்றீர்கள் என்பது எனக்கு மனப்பாடம். நீங்கள் சொன்னது ஒன்று மட்டும் பிழை அக்கா. அவளுக்கு ஏலும்.

மத்தியானம் பார்சல் வந்தது. லஞ்ச் ஷீட்டைப் பிரித்துச் சூடைப் பொரியலைச் சோற்றோடு பிசைந்தேன். அவள் சொன்னது போலவே, முள் அதிகமாகத்தான் இருந்தது.